பிரஷ் நுனியில் ஈரம்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் ஒரு தடவை என் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கல் உடைத்துச் சோறு தின்ற குடும்பம் எங்களுடையது. பேய்க்குப் பயப்பட எங்களுக்கு நேரமே இருந்ததில்லை.

எனக்குக் கடிகாரம் பழுது பார்க்கிற தொழில். பழைய கைக்கடிகார முட்களை மட்டும் என் மனைவிதான் பார்ப்பாள். என் கண் போய்விட்டது. அவள் கை இன்னும் நடுங்காது. அந்தக் கால முள்ளின் நடுவில் ஒரு சின்னப் பிளவு இருக்கும். இருட்டில் மணி தெரிவதற்காக அதில் ரேடியம் பூச்சு அடைத்திருப்பார்கள். வயதானால் பொரிந்து உதிரும். பழையதை நனைத்துச் சுரண்ட வேண்டும். மெல்லிய பிரஷால் பொடியைத் தள்ள வேண்டும். அதே பிரஷை உதறிவிட்டுப் புதுப் பூச்சை நிரப்ப வேண்டும். மயிரிழை பிசகினாலும் முள் பாழ். பிரஷ் நுனி ஊசி மாதிரி இருந்தால்தான் வேலை நடக்கும். அதற்கு அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. உதட்டில் வைத்து நுனியைக் கூராக்கிக்கொள்வாள். ஊசியில் கோக்கும் நூலை எல்லோரும் வாயில் வைப்பதில்லையா, அந்த மாதிரி.

கிரேன் ஓட்டுகிற ஒருவர் ஒரு பெண்கள் கடிகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். "இருட்டுல மணி தெரிஞ்சாப் போதும்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் நல்ல மழை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டோம். கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் நிமிட முள்ளைச் சுரண்டி முடித்துவிட்டு பிரஷை எடுத்தாள்.

"பிரஷைத் தொட்டீங்களா?"

"எனக்கென்ன வேலை அதுகிட்ட?"

"நுனி ஈரமா இருக்கு. மத்தியானத்துல இருந்து நான் தொடவே இல்லை."

"வயசாயிடுச்சு. மறந்திருப்பே."

"லென்ஸ் மேல லென்ஸ் போட்டாலும் முள்ளு தெரியாது. என் வயசு மட்டும் நல்லாத் தெரியுது உங்களுக்கு."

சிரித்தோம். அவள் பிரஷைத் துணியில் துடைத்து வைத்தாள். விளக்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டுத் திரும்ப எடுத்தாள்.

ஈரம். நுனி ஊசி போலக் கூராக இருந்தது.

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ச்ப்... உதட்டுக்கு நடுவிலிருந்து எதையோ உருவுகிற சத்தம். அவள் வாய் மூடியிருந்தது. என் வாயும்தான்.

ஆறேகால் மணிக்குக் கரண்ட் போனது.

மேசையில் சுரண்டிப் போட்டிருந்த பொடி பச்சையாக எரிந்தது. அது செத்த பூச்சு. கடிகாரம் வந்த அன்றே அதை இருட்டில் வைத்துப் பார்த்திருந்தேன். துளி வெளிச்சம் கிடையாது.

இப்போது எரிந்தது.

அவள் தோளுக்குப் பக்கத்தில் இன்னொரு பச்சை... ஒரு மேல் உதடு. அதற்குக் கீழே ஒரு வரிசைப் பல்.

அதற்கும் கீழே...

ஒன்றுமில்லை. தாடையே இல்லை.

"என்னங்க, ஏன் பேச மாட்டேங்கறீங்க?" என்றாள். அவள் அதைப் பார்க்கவில்லை. பதற்றத்தில், பழக்கதோஷத்தில், கையிலிருந்த பிரஷ் அவள் வாய்க்குப் போனது.

"ம்ம்...!"

நாற்காலி சாய்ந்தது. பாய்ந்து அவள் முகத்தைப் பிடித்தேன். என் கைக்கும் அவள் வாய்க்கும் நடுவில் இன்னொரு கை. வெறும் எலும்பு. பனிக்கட்டி மாதிரி இருந்தது.

இழுத்தேன்.

அசையவில்லை.

அவளுக்கு மூச்சு வரவில்லை...

பிரஷ் தரையில் விழுந்தது.

அந்தக் கை இல்லை.

வெளிச்சம் வந்தபோது அவள் வாயைச் சுற்றி ஐந்து விரல் தடம் கன்றிப் போயிருந்தது. இன்றைக்கும் அது கறுப்பாக அப்படியே இருக்கிறது.

மறுநாள் கிரேன்காரர் வந்தார். நடந்ததைச் சொன்னதும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அது எங்கம்மா வாட்ச்சுங்க. சின்ன வயசுல ஃபேக்டரில முள்ளுக்கு ரேடியம் பூசுனாங்க. பிரஷை வாயில வெச்சுக் கூராக்குன்னு சூப்பர்வைசரே சொல்லிக் கொடுத்தானாம். அந்தப் பொடி விஷம்னு ஒருத்தனும் சொல்லலை. மொதல்ல கீழ்ப்பல்லு போச்சு. அப்புறம் தாடை எலும்பு துண்டு துண்டா வந்துச்சு. கடைசில பேச்சும் இல்லை. நாங்க பென்சிலை வாயில வெச்சாக்கூட ஓடி வந்து வாயைப் பொத்துவாங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"உன்னைக் காப்பாத்தத்தான் வந்திருக்காங்க. தப்பிச்சே, போ" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் எடுத்தது பெரிய முள்ளு. சின்ன முள்ளைக் காலையிலயே முடிச்சிட்டேன். அதே பிரஷ்தான். எத்தனை தடவை வாயில வெச்சேனோ..."

விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்போ யாரும் வந்து பொத்தலைங்க."