பிணத்தின் மனைவிக்கு ஒரு பக்க வசனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நல்ல பிணம். எங்கள் நாடகக் குழுவில் பதினொரு வருடமாகக் கொலையாகி வருகிறேன். கத்திக்குத்து, துப்பாக்கிச் சூடு, மாடியிலிருந்து தள்ளிவிடுவது, எல்லாம் பார்த்தாயிற்று. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டேன். நான் கார் மெக்கானிக். பகலெல்லாம் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறவன், சாயங்காலம் சோபாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இது என் கதை இல்லை. என் மனைவியின் கதை. என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அதனால் இத்தோடு விட்டேன்.

அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்கார்கிறாள். ஃபோனை எடுப்பாள், டோக்கன் கொடுப்பாள், கன்னம் வீங்கி வருகிறவர்களை "உக்காருங்க, கூப்பிடுவோம்" என்று ஒரே வார்த்தையில் அடக்கி உட்கார வைப்பாள். உள்ளே யாராவது கத்தினால், "அடிவயித்துலேர்ந்து வரல" என்று மார்க் போடுவாள். போடட்டும், அவளுக்குத் தகுதி இருக்கிறது. எங்கள் நாடகங்களில் என் பிணத்தை முதலில் பார்க்கிற வேலைக்காரி அவள்தான். காபித் தட்டோடு வருவாள், என்னைப் பார்ப்பாள், தட்டைக் கீழே போடுவாள், வீல் என்று அலறுவாள். அதோடு சரி. முப்பத்திரண்டு நாடகம், முப்பத்திரண்டு அலறல், வசனம் என்று ஒரு வரி கிடையாது. குழுவில் அவளுக்குப் பேரே அலறலக்கா.

"சார், எனக்கு ஒரு பக்கம் வசனம் வேணும்" என்று டைரக்டரிடம் கேட்காத நாளில்லை. டைரக்டர் கணக்கு வாத்தியார், நாடகம் எழுதுவதும் அவர்தான். "உங்க அலறலே ஒரு பக்கத்துக்குச் சமம்மா" என்று ஐஸ் வைத்தே காலத்தை ஓட்டினார். போன நாடகத்தில் அவள் பொறுமை போய்விட்டது. வந்தாள், என்னைப் பார்த்தாள், தட்டை மேஜைமேல் பத்திரமாக வைத்தாள். "செத்துட்டார்" என்றாள், டாக்டர் சாப்பிடப் போயிருக்கார் என்று சொல்கிற அதே குரலில். போய்விட்டாள். நான் செத்தேனா தூங்குகிறேனா என்று கடைசிவரை ஜனங்களுக்குப் புரியவில்லை. "பாவம், யாராவது எழுப்பி விடுங்கப்பா" என்று ஒரு அம்மா சத்தம் போட்டார்.

டைரக்டர் மறுநாளே வழிக்கு வந்தார். புது நாடகத்தில் கொலைகாரியே என் மனைவிதான். முதலாளிக்குக் காபியில் விஷம் வைக்கிற வேலைக்காரி. கடைசிக் காட்சியில் இன்ஸ்பெக்டர் அவளைக் கை காட்டுவார், அவள் முழுசாக ஒரு பக்கம் பேசிக் குற்றத்தை ஒப்புக்கொள்வாள், கையில் விலங்கு 'க்ளிக்' என்று விழுந்ததும் திரை இறங்கும்.

அப்புறம் மூன்று மாதம் வீட்டில் அந்த ஒரு பக்கம்தான். பாத்திரம் கழுவும்போது பேசுவாள், துணி மடிக்கும்போது பேசுவாள். நான் டிவி பார்த்துக்கொண்டே, "ம், நல்லாருக்கு" என்பேன்.

"எங்க நிறுத்தினேன், சொல்லுங்க பார்ப்போம்?"

"அதான்... கொன்னதுக்கு அப்புறம்."

"நான் இன்னும் கொல்லவே இல்ல!"

நாடகத்தன்று அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "இது ஒண்ணு சரியா வந்துடட்டும்ங்க, அப்புறம் ஆயுசுக்கும் அலறச் சொன்னாலும் அலறுறேன்" என்றாள்.

நான் காபியைக் குடித்து நன்றாகவே செத்தேன். எங்கள் நாடகங்களில் பிணத்தைத் தூக்க ஆள் கிடையாது, அதனால் கடைசிவரை மேடையிலேயே கிடப்பேன். இன்ஸ்பெக்டராக வருபவர் என் மனைவியின் முதலாளி, அந்தப் பல் டாக்டர். சோபாவை ஒரு சுற்று சுற்றி வந்தார். "கொலைகாரன் இந்த ரூம்லதான் இருக்கான்!" என்றார். "நீதான்!" என்றார். என் மனைவியின் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

"நானா?" என்றது எங்கள் குழுவின் மருந்துக்கடைக்காரர் குரல்.

மருந்துக்கடைக்காரருக்கு இந்தத் தடவை ஒரு பாவமும் அறியாத வக்கீல் வேஷம். ஆனால் இதற்கு முந்தின நாலு நாடகத்திலும் கொலைகாரன் அவர்தான். பழக்கதோஷம், டாக்டரின் கை தானாக அந்தப் பக்கம் போய்விட்டது. மருந்துக்கடைக்காரராவது சும்மா இருந்தாரா? கை காட்டினால் ஒப்புக்கொண்டு அவருக்கும் பழகிவிட்டது. "ஆமா! நான்தான்! அந்த வைர நெக்லஸுக்காகக் கிழவன் கழுத்தை நெரிச்சேன்!" என்று ஆரம்பித்துவிட்டார். நெக்லஸ் போன நாடகத்தில். கழுத்தை நெரித்ததும் போன நாடகத்தில். இதில் என் கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

என் மனைவி விடுவாளா? "இல்லங்க, கொன்னது நான்!"

"நீ வெளில போய் உக்காரும்மா" என்றார் இன்ஸ்பெக்டர், ஆஸ்பத்திரி ஞாபகத்தில்.

"சார், காபில விஷம் வச்சது நான்."

"அதான் கொன்னவன் நான் நிக்கிறேன்ல?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நீங்க எங்க கொன்னீங்க? அன்னிக்கு நீங்க ஊர்லயே இல்ல!"

"நான் கொன்னது எனக்குத் தெரியாதா?"

ஹாலில் ஒரே சிரிப்பு. டைரக்டர் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் எனக்கே கேட்டது. இன்ஸ்பெக்டர் இடுப்பிலிருந்து விலங்கை எடுக்கிற சத்தமும் கேட்டது. எங்கள் திரைக்காரர் மகா பிடிவாதக்காரர். விலங்கு விழுந்தால் கயிற்றை இழுப்பார், யார் வந்து கெஞ்சினாலும் இழுப்பார்.

"ஐயா, எனக்கு ஒரு பக்கம் இருக்குங்க" என்றாள் என் மனைவி. அது நாடக வசனம் இல்லை. குரல் உடைந்துவிட்டிருந்தது.

பதினொரு வருடப் பேரும் புகழும் நாசமாய்ப் போகட்டும் என்று எழுந்து உட்கார்ந்தேன்.

"இன்ஸ்பெக்டர், அந்த ஆளை விடுங்க. செத்தவன் சொல்றேன், என்னைக் கொன்னது இவதான்."

சொல்லிவிட்டு மறுபடி படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர், "அப்படியா? மன்னிக்கணும்" என்று விலங்கோடு அந்தப் பக்கம் போனார். மருந்துக்கடைக்காரர் தொப்பென்று சோபாவில் உட்கார்கிற சத்தம் கேட்டது. சிரிப்பு அடங்குகிற வழியாகத் தெரியவில்லை. காரியத்தைக் கெடுத்துவிட்டேனே, இனி யார் அவள் பேச்சைக் கேட்பார்கள் என்று கிடந்து தவித்தேன்.

அவள் அவசரப்படவில்லை. காத்திருந்தாள். பிறகு, "உக்காருங்க, சொல்றேன்" என்றாள். ஹால் கப்சிப்.

"எத்தனை வருஷமா இந்த வீட்ல காபி கொண்டு வந்து குடுத்திருக்கேன்! கப்பைப் பார்த்தாங்க, தட்டைப் பார்த்தாங்க. கொண்டு வந்தவ முகம் எப்படி இருக்கும்னு ஒருத்தர்கூட நிமிர்ந்து பார்க்கல."

வீட்டில் இருநூறு தடவை சொல்லியிருப்பாள். அந்த இருநூறு தடவையும் நான் டிவியைத்தான் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பிடுங்கித் தின்கிற மாதிரி வெட்கம். கண்ணைத் திறந்து பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை, குரலில் மட்டும் ஒரு நடுக்கம் இல்லை. இவ்வளவு அழகாகப் பேசுகிறவளா என் வீட்டில் இருந்தாள்?

நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். பேச்சை நிறுத்தாமலே பக்கத்தில் வந்து மண்டி போட்டாள். உள்ளங்கையால் என் இமைகளை மெதுவாக இழுத்து மூடினாள். கொலைகாரிக்கும் மனசு இளகிவிட்டது என்று நினைத்து முன் வரிசையில் யாரோ விசும்பினார்கள். அவள் என் காதோரம் குனிந்தாள்.

"என்னங்க, கண்ணை மூடுங்க. இன்னும் நாலு வரி இருக்கு."