பொட்டு வைத்த ராணி அத்தர்

திருவிதாங்கூர் ராஜா காலத்தில் எங்கள் தோவாளையில் பிச்சிப்பூ பறிக்காத வீடு கிடையாது. எங்கள் வீட்டில் பறிப்பதும் கட்டுவதும் அக்காதான். பத்தொன்பது வயதில் புருசனைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள். அவளைப்போல் மாலை கட்ட ஊரில் ஆளில்லை. விடியாத வெள்ளாப்பிலிருந்து கூடை கூடையாகப் பூ அவள் கையில் புரளும். ஒரு மொட்டுகூடத் தலையில் ஏறக்கூடாது. கட்டின மாலையைக்கூடச் சித்தி கட்டியது என்று சொல்லித்தான் கல்யாண வீடுகளுக்குக் கொடுப்பார்கள். இதையெல்லாம் நியாயம் என்று பேசினவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கோட்டாற்று அத்தர் கடைக்காரர் எங்களிடம்தான் பூ வாங்குவார். அந்த வருசம் ராணிகள் பேரில் புதுசாக அத்தர் போட்டார். டெல்லி பேகத்துக்கு ரோஜா, மதுரை ராணிக்குப் பிச்சி. "உங்க வீட்டுப் பூதான் மக்கா" என்று சின்னக் குப்பி ஒன்றை என்னிடம் தந்தார். அந்த ராணி புருசன் செத்தபிறகு தனியாக நாட்டை ஆண்டவள் என்றும் அவர்தான் சொன்னார். குப்பியில் ஒட்டின படத்தைப் பார்த்தால் நெற்றி நிறையப் பொட்டு, தலை நிறையப் பூ. இது என்ன கூத்து என்று கேட்டேன்.

"பொட்டில்லாம படம் போட்டா யாரு வாங்குவா?" என்றார். செத்துப்போன ராணியைக்கூட இவர்கள் விட்டுவைக்கவில்லை.

அக்கா மணிக்கட்டில் ஒரு துளி தடவிவிட்டேன். மூக்கை விட்டுக் கையை எடுக்கவே இல்லை அவள். அந்நேரம் பார்த்துச் சித்தப்பா வந்தார். அப்பா இல்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"தாலியறுத்தவளுக்கு அத்தர் கேக்குதோ?"

அவர் வீசின குப்பி வாசலைத் தாண்டித் தோட்டுத் தண்ணீரில் போய் விழுந்தது. "படத்துல இருக்க ராணியும் தாலியறுத்தவதான்" என்றேன். என் கன்னத்தில் ஒன்று விட்டார்.

அடுத்த வாரம் அவர் மகளுக்குக் கல்யாணம். முந்தின நாள் பூக்கூடையோடு வந்து அக்கா முன்னால் நின்றார். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தாலியறுத்தவ கை பட்ட மாலை உங்க மவளுக்கு ஆகுமா சித்தப்பா?" குரல்கூட உயரவில்லை.

சித்தி ஒன்று கட்டிப் பார்த்தாள். தூக்கினதும் பாதிப் பூ தரையில் கிடந்தது. சித்தப்பா கோட்டாறு போய்ப் புதுக் குப்பி வாங்கிவந்து, அக்கா முகத்தைப் பார்க்காமல் வைத்தார். மனசு மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு மாலை வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா இரண்டு மணிக்கட்டிலும் தடவினாள், கழுத்திலும் தடவினாள். அவர் நின்று பார்க்கும்படி மெதுவாகத் தடவினாள். பிறகுதான் வாழைநாரை எடுத்தாள்.

மறுநாள் அவள் கட்டின மாலை பந்தலுக்குப் போனது. அக்காவை யாரும் வா என்று கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.