ஞாயிறு பகலில் அழைக்காதீர்கள்

போன வாரம் என் கைப்பேசியில் ஒரு செய்தி: இடம் நிறைந்துவிட்டதாம், மாதாமாதம் கட்டினால் இன்னும் தருவார்களாம். மருமகன் எட்டிப் பார்த்து, "கட்டிடுங்க மாமா, எல்லாம் மேல பத்திரமா இருக்கும்" என்றார். மேலே என்றால் எங்கே, யார் வீட்டில் என்று கேட்டேன். சிரித்தார். சிரிக்கட்டும். ஒரு காலத்தில் ஊரார் கோப்புகளெல்லாம் என் வீட்டில்தான் இருந்தன.

தொண்ணூறுகளின் தொடக்கம். பினாங்கில், பாயான் பாருவில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய கணினி. தொழிற்சாலையில் கழித்துப் போட்டதை, உடன் வேலை பார்த்த ஜமால் தன் வாப்பாவின் மசாலாக் கடை வேனில் ஏற்றி வந்தான். அதனால் அது சூடேறும்போதெல்லாம் சீரகம் மணக்கும். தொலைபேசிக் கம்பியை மோடத்தில் செருகி, முதல் மணியிலேயே எடுக்கும்படி அமைத்தோம். அழைப்பவரின் கணினி என் கணினியோடு கீச்சிட்டுப் பேசி, விளையாட்டோ தமிழ் எழுத்துருவோ வேண்டியதை எடுத்துக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒருவர்தான், மற்றவர்களுக்கு 'எங்கேஜ்'.

ஒன்று கொடுத்தால் மூன்று எடுக்கலாம் என்பது நான் போட்ட சட்டம். ஒரு மகான் ஒரே விளையாட்டை ஒன்பது துண்டாக்கி, ஒன்பது கொடுத்ததாகக் கணக்குக் காட்டினார். "ஓசின்னா நம்மாளுங்க கணக்குல புலிலா அண்ணே" என்றான் ஜமால். உறுப்பினர்கள் நூற்று நாற்பத்திரண்டு பேர். பினாங்குக்கே தபாலாபீஸ் திறந்துவிட்டவன் போல நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

வீட்டுக்கும் அதே இணைப்புதான். மனைவி பவானி யாழ்ப்பாணத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் தம்பி அங்கேயே இருந்தான். போரில் அங்கே தொலைபேசியெல்லாம் செத்துப்போயிருந்தது. ஊரைவிட்டு வெளியேற அனுமதிப் பாஸ் எடுத்து, கொழும்புக்கு வந்துதான் அவன் பேச வேண்டும். அதற்காக ஞாயிறு பகலில் கணினியை அணைத்துவிடுவோம். இலங்கையிலிருந்து மைத்துனர் பேசக்கூடும், ஞாயிறு பகலில் அழைக்காதீர்கள் என்று முதல் திரையிலேயே எழுதிவைத்தேன். 'சம்மதம்' என்று அழுத்தாமல் யாரும் உள்ளே வர முடியாது. அத்தனை பேரும் அழுத்தினார்கள்.

கொழும்பு வந்துவிட்டேன், வருகிற ஞாயிறு கோல் எடுக்கிறேன் என்று தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. அன்று பவானி விடியலிலேயே தலைமுழுகி, தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பத்தரைக்கு மணி அடித்தது.

"தம்பி? நான் அக்கா. கதையடா!"

பதில் இல்லை. சற்றுப் பொறுத்து ஒரு 'பீப்'. வைத்தாள். வைத்த கையோடு மீண்டும் மணி. மீண்டும் பீப். எவனோ தன் கணினியை, இணைப்புக் கிடைக்கும்வரை விடாமல் சுழற்றும்படி ஏவிவிட்டுப் போயிருந்தான். இயந்திரத்திடம் எப்படிக் கெஞ்சுவது? அவள் கெஞ்சினாள். ஒவ்வொரு தடவையும் தம்பியாக இருக்கும் என்றே எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, இதை நிப்பாட்ட ஏலாதோ?"

ஜமால் ஓடிவந்தான். "யாருன்னு தெரியாதுண்ணே. டயல் பண்ண விட்டுட்டு பசாருக்குப் போயிருப்பான்." மாலை வரை மணி ஓயவில்லை. மறுநாள் கணினியைப் போட்டு, யார் என்று திரையில் எழுதிக் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கொழும்பிலிருந்து தெரிந்தவர் ஒருவர் எழுதினார்: தம்பி அன்று அங்கே தொலைபேசிக் கடை பூட்டும்வரை முயன்றானாம், எந்நேரமும் எங்கேஜாம், பாஸ் முடிகிறதென்று திரும்பிப் போனானாம். பிறகு யாழ்ப்பாணப் பாதையை மூடிவிட்டார்கள். அதன்பின் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

கணினியைத் தூக்கிப் போட்டேன். "எப்பண்ணே திறப்பீங்க?" என்று மாதக்கணக்கில் அழைத்தார்கள். மைத்துனர் பேசினாரா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பவானி வீட்டை மாற்றவும் விடவில்லை, இணைப்பை வெட்டவும் விடவில்லை. "இந்த நம்பர்தானே அவனுக்குத் தெரியும்" என்பாள். அவள் போன மறு மாதம் அந்த இணைப்பை நானே திருப்பிக் கொடுத்தேன். ஒருநாள் சும்மா அந்த எண்ணை அழுத்திப் பார்த்தேன். அப்படியோர் எண் இல்லை என்று ஒரு பெண்குரல் மலாயில் சொன்னது, மிக மரியாதையாக.