ஒப்பாரியை நிறுத்தச் சொன்ன நாள்

எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கில் நடப்பவற்றைத் தேதி தவறாமல் எழுதி வைப்பவன் நான். இந்த ஆண்டுத் தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளி பற்றி என் குறிப்பேட்டில் இருப்பது ஒரே வரி.

அன்று மொன்ட்ரியாலில் எங்கள் தமிழ்க் கோவிலின் பாடகர் குழு கூடியது. பெரிய வெள்ளியன்று பாடும் ஒப்பாரியை இனி நிறுத்திவிடலாம் என்றேன். "புலம்பல் இசை துணிவைக் கெடுக்கும், நல்ல நகரத்தில அதுக்கு இடமில்லை எண்டு ஒரு கிரேக்க ஞானி அந்தக் காலத்திலேயே சொல்லியிருக்கிறார்."

வருடாவருடம் அதைப் பாடுபவர் மன்னாரிலிருந்து வந்த செலின் என்ற பெண். "அந்த மனுசன்ர வீட்டில ஒருத்தரும் சாகேல்லையோ, அண்ணை?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"சரி, கடைசியா ஒருக்காப் பாடுறன். பேந்து வெட்டுங்கோ" என்றார் செலின்.

சிலுவையிலிருந்து இறக்கிய மகனின் உடலை மடியில் கிடத்தித் தாய் அழும் இடத்தைப் பாடினார். இரண்டாம் அடியில் ஓர் ஆண்குரல் சேர்ந்தது. யோசேப்பு! மனைவியை அடக்கம் செய்த நாளிலிருந்து ஒவ்வோர் ஒத்திகைக்கும் வந்து, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர். கண்ணீர் வழிய முடியும்வரை பாடினார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த கிழமை எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து, அந்தக் கிரேக்க ஞானியின் கருத்தை நான் வாசித்திருந்த புத்தகத்தை எடுத்தேன். துயர இசை மனப்பாரத்தைக் கரைக்கும் என்று அந்த ஞானியின் மாணவரே பின்னால் சொன்னது அடுத்த அத்தியாயத்தில் இருந்தது. நான் அதுவரை வாசித்திருக்கவில்லை. முதல் பக்கத்தில் வாங்கிய தேதியை மட்டும் கவனமாக எழுதியிருந்தேன்.

குறிப்பேட்டில் அன்று எழுதியது: "ஒப்பாரி தொடரும், யோசேப்பு பாடினார்." அந்த வரியை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை.