ஒத்த விரல்

மெக்கானிக் என் காருக்குப் புது பவர் ஸ்டீரிங் ரேக்கை மாட்டி ஆயில் ஊற்றினார். "இனிமே ஒத்த வெரல்ல திருப்பலாங்க."

அந்த ஆயில் வாடை என்னை விருத்தாசலத்து வீட்டுவாசலுக்கு இழுத்துப்போனது. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. அப்பாவின் பழைய காரில் ஸ்டீரிங் கல்லாய்க் கனக்கும். அம்மா ஓட்டக் கேட்டால், "ஒன் கையில பலம் ஏது?" என்பார். செராமிக் பட்டறையில் நாளெல்லாம் களிமண் அச்சு தூக்குகிறவளிடம் அதைச் சொல்ல வாய் கூசவில்லை.

தமக்குத் தோள்வலி வந்ததும் வாசலிலேயே ஆள் வைத்து பவர் ஸ்டீரிங் மாட்டினார்.

"ஏங்க, இப்பவாவது நான் ஓட்டட்டுமா?"

"அதான் லேசாயிடுச்சே, நானே ஓட்டிக்கிறேன்."

இன்று மெக்கானிக் வேலையை முடித்ததும், பக்கத்தில் நின்ற அம்மாவிடம் சாவியை நீட்டினேன்.

"எதிர்ல வர்ற பஸ்ஸே இப்ப எனக்குத் தெரியலடி" என்றாள்.