கடைசி செட்டுக்கு டைபிரேக் கிடையாது

டிவியில் டென்னிஸ் ஓடினால் எங்கள் வீட்டில் சண்டை நிச்சயம். கடைசி செட் ஆறுக்கு ஆறு என்று சமமானதும் பத்து பாயிண்ட் டைபிரேக் வைத்து மடமடவென்று முடித்துவிடுகிறார்களே, அது நல்ல ஏற்பாடு என்பார் என் வீட்டுக்காரர். ஆடுகிறவனுக்கும் உடம்பு இருக்கிறது, பார்க்கிறவனுக்கும் மறுநாள் ஆபீஸ் இருக்கிறது என்பது அவர் கட்சி. நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது பாட்டுக்கு நடக்கட்டுமே, உங்களுக்கு என்ன அவ்வளவு அவசரம் என்று கத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். ஒரு விளையாட்டுக்கு இத்தனை ஆத்திரமா என்று அவர் பிள்ளைகளிடம் கேட்பது காதில் விழும்.

நான் பிறந்து வளர்ந்தது சித்தூரில், ஒரு பழைய மிஷன் காம்பவுண்டில். வெள்ளைக்கார மிஷனரிகள் கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், போகிற போக்கில் ஒரு டென்னிஸ் கோர்ட்டையும் போட்டுவிட்டுப் போனார்கள். செம்மண் தரை, இரும்புக் கம்பத்தில் தொய்ந்து தொங்கும் வலை, சுற்றிலும் வேப்பமரங்கள். காம்பவுண்டு ஆம்பிளைகளுக்கு ஞானப்பாட்டு எப்படியோ டென்னிஸும் அப்படித்தான், யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் நைனாவும் அவருடைய அண்ணனான என் பெரியப்பாவும் அதில் பெரிய கெட்டிக்காரர்கள் என்று பேர்.

என் சின்ன வயதில் ஒரு வருஷம் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வழக்கு வந்தது. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டம் நிறைந்துவிட்டது. இனிமேல் யார் போனாலும் பைபாஸ் ரோட்டுக்கு அப்பால், கல்குவாரிப் பக்கம் கிடைத்திருக்கும் புது இடத்தில்தான் அடக்கம் என்று சபையில் முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் குடும்ப வரிசையில் மட்டும் ஒரே ஒரு குழிக்கு இடம் பாக்கி இருந்தது, பெரியம்மாவின் கல்லறைக்கும் மதில் சுவருக்கும் நடுவில். பெரியப்பாவுக்கு அது வேண்டும். பிள்ளை குட்டி இல்லாதவர், பெண்டாட்டி பக்கத்தில் படுத்துக்கொள்ள ஆசைப்பட்டார். நைனாவுக்கும் அது வேண்டும். அவருக்காக இல்லை, என் அம்மாவுக்காக.

அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டிருந்தன. செவ்வாயும் வெள்ளியும் நைனா அவளைத் திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டுபோய் ரத்தத்தைச் சுத்தம் செய்து கூட்டிவருவார். கோயில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள் அவள். பாட்டுச் சத்தம் கேட்கிற தூரத்தில் என்னை வையுங்கள், அது போதும் என்று நைனாவிடம் கேட்டிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, திருப்பதிக்குப் போனால் சரியாகிவிடும். எனக்குச் சொன்னது அவ்வளவுதான்.

சபைக்குள் வழக்கு என்றால் போலீஸ், வக்கீல் என்று வெளியே போவது எங்களிடம் வழக்கமில்லை. எங்கள் பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம். அவர் முன்னால் திருவுளச்சீட்டுப் போடுவார்கள், வந்த சீட்டுதான் கர்த்தரின் சித்தம். ஐயரும் சீட்டு எழுதத் தயாராக வந்தார். நைனா ஒரே அடியாக மறுத்துவிட்டார்.

"சீட்டுல தோத்தா கடவுள் மேல கோவம் வரும் ஐயரே. அது வாணாம். ஆட்டத்துல தோத்தா எங்கண்ணன் மேலதான வரும், அது பழகிப்போச்சு."

பெரியப்பா சிரிக்கவில்லை. ராக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். மூன்று செட், கடைசி செட்டுக்கு டைபிரேக் கிடையாது, யாராவது இரண்டு கேம் முந்துகிற வரைக்கும் ஆட வேண்டும், இருட்டினால் விட்ட இடத்திலிருந்து மறுநாள். காம்பவுண்டில் காலங்காலமாக அதுதான் சட்டம். ஒரு கல்லறைக் குழிக்கு டென்னிஸ் ஆடிய மனிதர்கள் எங்கள் காம்பவுண்டைத் தவிர வேறெங்கும் இருந்திருக்க மாட்டார்கள்.

முதல் நாள் இரண்டு பேரும் வெறி பிடித்த மாதிரி ஆடினார்கள். ஒரு பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பெரியப்பா மண்ணில் மண்டியிட்டுத் தேடினார். ஆளுக்கொரு செட். மூன்றாவது செட்டில் ஆறுக்கு ஆறு ஆனபோது பந்து கண்ணுக்குத் தெரியவில்லை. மறுநாள் எட்டுக்கு எட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆடக்கூடாது, திருப்பதி போகிற நாளில் ஆட முடியாது. ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. அந்தப் பக்கமாக நடந்துபோகும் தெலுங்கு வாத்தியார் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "இங்கா அவலேதா?" என்று கேட்பார். இன்னும் முடியவில்லையா என்பதுதான் என் கேள்வியும். நைனா ஜெயிக்கப்போகிறார் என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தேன்.

பத்துக்கு ஒன்பது என்று நைனா முந்தியிருந்த ஒரு சாயங்காலம். இன்னும் ஒரே பாயிண்ட் எடுத்தால் ஆட்டம் முடிந்தது. பந்து நெஞ்சு உயரத்துக்கு லட்டு மாதிரி வந்தது. நைனா அதை வேப்பமரத்துக்கு மேலே அடித்தார். அடுத்ததை மதிலுக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்.

"ஏன் நைனா வேணும்னே வெளிய அடிக்கிற?" என்று கத்தினேன். அழுகையே வந்துவிட்டது.

"கை வழுக்கிக்கினு போச்சு பாப்பா" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் கோள் சொன்னேன். அவள் ஜன்னலோரமாகப் படுத்திருந்தாள். தினமும் ஸ்கோர் கேட்பாள், நான் சொல்ல வேண்டும். முகம் வீங்கிக் கண் சின்னதாகியிருந்தது.

"பத்துக்குப் பத்தா? நல்லா ஆடட்டும். நீ போயி அவங்கள அவசரப்படுத்தாத."

எனக்கு ஒரே கோபம். யாருக்குமே ஜெயிக்கிற அக்கறை இல்லையே என்று.

அந்த வெள்ளிக்கிழமை திருப்பதியிலிருந்து ஆட்டோ வந்து நின்றபோது பெரியப்பா தனியாகச் சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தார். நைனா அம்மாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார், சின்னப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. அவள் கால் இரண்டும் தொங்கின. பெரியப்பா அடித்த பந்து திரும்பி வந்து அவர் மேலேயே பட்டு உருண்டு போயிற்று. அவர் அதை எடுக்கவில்லை.

அடுத்த நாள் பெரியப்பா முந்தினார். இப்போது அவருக்கு ஒரே பாயிண்ட்தான் வேண்டும். போட்ட சர்வீஸ் வலையில் விழுந்தது. மறுபடி போட்டார், அதுவும் வலையில். அப்புறம் இன்னும் இரண்டு. அத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொதப்பி நான் பார்த்ததில்லை. நைனா வலைக்கு அந்தப் பக்கம் நின்றபடி அண்ணனையே பார்த்தார். அதற்கப்புறம் நடந்ததை ஆட்டம் என்று சொல்வதே பாவம். இவர் முந்தினால் இவர் வெளியே அடிப்பார், அவர் முந்தினால் அவர் வலையில் அடிப்பார். பார்க்க வந்த ஜனங்களும் சலித்துப்போய் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

ஐயருக்கு மட்டும் பொறுக்கவில்லை. ஒருநாள் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். "அமெரிக்காவுல எல்லாம் கடைசி செட்டுக்கும் டைபிரேக் இருக்குதாமே. அதையே வெச்சி இன்னிக்கே முடிச்சிடுங்கப்பா."

நான் கை தட்டினேன். பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஐயரே, நீங்க போயி பிரசங்கம் எழுதிக்கினு இருங்க. முடிக்கிறதா வாணாமான்னு எங்களுக்குத் தெரியும்."

நைனா சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜெயித்தால் அம்மாவுக்குக் குழி தயார் என்று ஆகிவிடும். தோற்றால் அவள் கேட்ட ஒன்றையும் கொடுக்க முடியாமல் போகும். ஆட்டம் நடக்கிறவரை இரண்டும் இல்லை. எவ்வளவு எளிய கணக்கு! அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை, அவர் சோம்பேறியாகிவிட்டார் என்று நினைத்தேன்.

பதினாறுக்குப் பதினாறு. அந்த ஸ்கோரைத்தான் அம்மாவிடம் கடைசியாகச் சொன்னேன். விடிந்தபோது வீடு நிறைய ஜனங்கள்.

எல்லோரும் அழுதார்கள், நானும் அழுது அழுது ஓய்ந்தேன். சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனார்கள். பெரியம்மா கல்லறைக்கும் மதிலுக்கும் நடுவில் குழி வெட்டியிருந்தது. பெரியப்பாதான் ஆட்களோடு காலையிலிருந்து நின்று வெட்டினாராம். வேட்டியெல்லாம் மண். எனக்கு அந்த இடத்தைப் பார்த்ததும் திக்கென்றது. எத்தனை நாள் ஆட்டம், எத்தனை சண்டை, இப்படி முறையில்லாமல் செய்யலாமா? அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பெரியப்பா, மேட்ச் இன்னும் முடியலையே. ரெண்டு கேம் முந்தணுமே."

பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரியப்பா குனிந்து என் காதருகே சொன்னார்.

"முடிஞ்சிட்சி கண்ணு. நான் தோத்துட்டேன்."

"எப்போ ஆடுனீங்க?"

"காலையில. நீ தூங்கிக்கினு இருந்த."

நான் பார்க்காமல் போய்விட்டேனே என்று எனக்கு அப்படி ஒரு வருத்தம். ஆனால் ஜெயித்தது நம் நைனா அல்லவா? கூட்டத்துக்குள் புகுந்து ஓடினேன். நைனா குழியின் விளிம்பில், மண்ணில் உட்கார்ந்திருந்தார். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நைனா, நீ ஜெயிச்சிட்டியாமே!" என்றேன்.

அவர் என்னை அணைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் முகம் படச் சரிந்து, வாய்விட்டு அழுதார். டிவியில் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் கோப்பையை ஜெயித்ததும் தரையில் விழுந்து அழுவதை நான் பார்த்திருக்கிறேன். இதுவும் அதுதான் என்று நினைத்துக்கொண்டு, அவர் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.