அதே மாடல் ஸ்கோப்

அன்றைக்கு தி.நகர் நகைக்கடையின் நாலாவது மாடி அறையில் இருந்தது ஐந்து பேர்: காண்ட்ராக்டர், கடை மேனேஜர், சாவியோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்ட வாட்ச்மேன், நான், அப்புறம் அவன். அவன் ஊரூர் குப்பத்துக்காரன். என்னை மாதிரியே ஒன்பதாவதோடு நின்றவன். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பைபர் வேலைக்கு வந்தோம். ராத்திரி அவனுக்குத் தூக்கம் வரும், எனக்கு வராது. வித்தியாசம் அவ்வளவுதான் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன்.

பைபர் ஒயருக்குள் ஓடுவது வெளிச்சம். இரண்டு ஒயர் சேருகிற முனையில் கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று உட்கார்ந்தால் போதும், கீழே பில் மெஷின் திணறும். அதனால் ஒவ்வொரு முனையையும் துடைத்து, ஸ்கோப்பில் வைத்துத் திரையில் பெரிசாகப் பார்த்து, அப்புறம்தான் சொருக வேண்டும். முன்னாடி எங்களிடம் ஸ்கோப் கிடையாது. துடைத்துச் சொருகிவிட்டு வந்துவிடுவோம். கோட்டூர்புரத்தில் வீட்டில் படுத்துக்கொண்டு, தூசி இருந்திருக்குமோ என்று நான் மட்டும் விழித்திருப்பேன்.

போன வருஷம் அவன் ஒரு ஸ்கோப் வாங்கினான். அதற்கப்புறம் காண்ட்ராக்டர் அவன் தோளில் கை போட்டுப் பேச ஆரம்பித்தார். என் தோளும் பக்கத்தில்தான் இருந்தது. மறு மாசமே ரிச்சி தெரு எலக்ட்ரானிக் கடையில் தவணைக்கு அதே மாடலை வாங்கிவிட்டேன். பை கூட அதே நிறம். "இத்தினி நாளா இது இல்லாமதானே வேல நடந்துது?" என்றாள் மனைவி.

நகைக்கடையின் மாதாந்திரப் பராமரிப்பை எங்களில் ஒருவருக்குத் தருவதாகக் காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். மழையோ வெயிலோ, மாசம் பிறந்தால் நிச்சயமான காசு. அன்று காலை கடை திறக்கும் முன் ஆளுக்கு ஒரு ஒயர்ப் பெட்டி வேலை. முடித்ததும் அவன் போட்டதை நான் பார்க்கணும், நான் போட்டதை அவன் பார்க்கணும். யாருடையது சுத்தமோ, இடம் அவருக்கு.

முதலில் அவன் என்னுடையதைப் பார்த்தான், விசிலடித்துக்கொண்டே.

"சூப்பரா கீது மச்சி. இன்னாத்துக்கு ஒவ்வொண்ணையும் நாலு தபா தொடச்ச? தேஞ்சுகினு பூடப் போவுது."

வாட்ச்மேன் சிரித்தார். என் வேலை நன்றாக இருந்தால் நஷ்டம் அவனுக்குத்தானே? அதை இவ்வளவு சத்தமாகச் சொல்ல ஒருத்தனுக்கு எப்படி முடிகிறது?

அவனுடைய முனைகளை நான் ஒவ்வொன்றாக எடுத்தேன். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தன. அடுத்ததில் தூசி இருக்கும், அடுத்ததில் இருக்கும் என்று பார்த்துக்கொண்டே போனேன். பாதியில் டீ வந்தது. கை வேர்த்து ஸ்கோப்பே ஈரமாகியிருந்தது. அதன் மூக்கைச் சட்டை நுனியில் ஒரு துடை துடைத்து வைத்துவிட்டுக் குடித்தேன்.

டீக்கு அப்புறம் எடுத்த முதல் முனையிலேயே, திரையின் மேல் பக்கத்தில் ஒரு கறுப்பு இழை.

"சார்! இங்க வாங்க சார்! தூசி! அவன் போட்டதுல!"

மேனேஜர்தான் முதலில் ஓடிவந்தார். "என்னய்யா இது, பத்து மணிக்குக் கடை திறக்கணும்லா?"

"அவன் போட்டதுல சார்," என்றேன் மறுபடியும்.

காண்ட்ராக்டர் திரையைப் பார்த்தார். ஸ்கோப்பில் இருந்த முனையை விரலால் மெதுவாகத் திருகினார். முனையில் ஒட்டிய அழுக்கு என்றால் முனையோடு சேர்ந்து சுற்றும். இது சுற்றவில்லை. அதே மேல் பக்கத்தில் அப்படியே நின்றது.

"அவன் மொனையில இல்லப்பா. ஒன் ஸ்கோப்புல கீது."

வாட்ச்மேன் டீ கிளாஸ்களைப் பொறுக்க ஆரம்பித்தார். அவன் என் கையிலிருந்து ஸ்கோப்பை வாங்கி, மூக்கைக் கழற்றி, பஞ்சு விடாத குச்சியால் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பிக் கொடுத்தான்.

"சட்டையில தொடச்சியா? புதுசுல நானும் அப்படித்தான் மச்சி."

அவன் ஒருநாளும் அப்படிச் செய்திருக்கமாட்டான். கிண்டல் பண்ணியிருந்தாலாவது வீட்டுக்குப் போய் ஆசைதீரத் திட்டியிருப்பேன். மிச்ச முனைகளையும் பார்த்தேன். எல்லாம் தட்டு மாதிரிதான்.

"ரெண்டு பேர் வேலையும் சுத்தம்தான்," என்றார் காண்ட்ராக்டர். "ஆனா கருவிய ஒழுங்கா வெச்சிக்கினவன் கைல குடுத்தாதான் நான் நிம்மதியா இருப்பேன்."

இடம் அவனுக்குப் போயிற்று. வேலை அதிகமான நாட்களில் என்னையும் கூப்பிடுகிறான், போகிறேன். நடுவில் எனக்குத் தவணை இரண்டு தப்பி, ரிச்சி தெருக்காரன் போன் மேல் போன் போட்டான். அது எப்படியோ அவன் காதுக்கு எட்ட, அந்தக் கடைக்கே நேரில் போய் முழுப் பாக்கியையும் கட்டிவிட்டு வந்து சொன்னான்: "அவன் வட்டி போடுவான், நான் போட மாட்டேன். மெதுவா குடு."

இதுவரை ஒரு தரம் கூடக் கேட்கவில்லை. "சாப்ட்டியா மச்சி?" என்று கேட்டால்கூட எனக்கு அந்தக் கடன்தான் ஞாபகம் வருகிறது. கையில் கிடைக்கிறபோது ஐநூறு, ஆயிரம் என்று கொடுத்து வருகிறேன். அவனுக்கு நான் இன்னும் தர வேண்டியது பதினாலாயிரத்து ஐநூறு ரூபாய்.